வாசமில்லாத புகை

ஏனுங் சார், வாத்தியாருங்களா? பேப்பர் திருத்தறீங்களேன்னு கேட்டேன். இந்த ரோட்டுல பஸ்ஸு ஆடற ஆட்டத்துக்குச் செவப்பு மை எங்கெங்கயோ போகுதுங்க. எடுத்து வைங்க. பொள்ளாச்சியில கொஞ்ச நேரம் நிறுத்துவான், அப்பப் போட்டுக்கலாம் மார்க்கு.

எட்டிப் பார்த்தேன்னு தப்பா நெனைக்காதீங்க. அந்தக் கேள்வி கண்ணுல பட்டுப்போச்சு. மணலும் இரும்புத் தூளும் உப்பும் ஒண்ணாக் கலந்து கெடந்தா எப்படிப் பிரிப்பேன்னு கேட்டிருக்கறீங்க. காந்தம், தண்ணி, வடிகட்டறது, காய்ச்சறதுன்னு அந்தப் புள்ள எழுதியிருக்குது. சரியாத்தான் எழுதியிருக்குதுங்க. அதுதான் நம்ம பொழப்பே. எம் பேரு சின்னராசு. கோயமுத்தூர்ல நகைப் பட்டறைத் தூசியில இருந்து தங்கம் எடுக்கறவன். எங்கப்பன் அதுதான், நானும் அதுதான்.

எங்க போயிட்டு வரீங்கன்னா, உடுமலைக்கு அக்கட்ட ஒரு ஊரு. மாமனார் ஊரு. எம் பொண்டாட்டி அங்கதான் இருக்கறா. அவளப் பார்க்கத்தான் போனேன். இனிமே போகமாட்டேனுங்க. அதச் சொல்லிப்போட்டு வரத்தான் இன்னைக்குப் போனது.

இல்லீங்க, சண்டையெல்லாம் ஒண்ணும் இல்லை. சண்டையின்னா ஒரு நாள் தீந்துரும்.

மொதல்ல இருந்து சொன்னாத்தான் உங்களுக்குப் புரியும். பட்டறையில அரத்தப் போட்டு ராவறப்பத் தங்கப் பொடி பறக்குமுங்க. தரையில உழுகும், பாயில ஒட்டும், ஆசாரி கை கழுவற தண்ணியில கூடப் போகும். எல்லாத்தையும் கூட்டி மூட்டை கட்டி வச்சிருப்பாங்க. நாங்க போயி எடுத்துட்டு வருவோம். அதுல என்னதான் இருக்காது. மயிரு, நூலு, பீடித் துண்டு, கரி, மண்ணு, இரும்புப் பொடி. மொதல்ல கொளுத்தோணும். எரியறது எரிஞ்சு போயிரும். பொறவு இடிச்சுச் சலிக்கோணும். காந்தத்த ஓட்டுனா இரும்பு வந்துரும். வட்டல்ல போட்டுத் தண்ணி உட்டு ஆட்டுனா லேசான மண்ணு மேல ஓடும், கனமானது அடியில தங்கும். அடியில தங்கறது வெறும் கருமண்ணாட்டத்தான் இருக்கும். அதுக்குள்ள தங்கம் எங்க இருக்குதுன்னு எந்தக் கண்ணுக்கும் தெரியாது.

அதுக்குத்தான் ரசம். பாதரசந்தானுங்க. அத ஊத்திக் கையால பெசைஞ்சா, அது மண்ணப் புடிக்காது, கல்லப் புடிக்காது, தங்கம் எந்த மூலையில இருந்தாலும் போய்ப் புடிச்சுக்கும். துணியில வச்சுப் பிழிஞ்சா மிச்ச ரசம் துணி வழியா வெளிய வந்துரும். உள்ள வெண்ணெயாட்ட ஒரு உருண்டை நிக்கும். அத அடுப்புல வச்சுச் சூடு காட்டுனா ரசம் பொகையாப் போயிரும், தங்கம் மட்டும் நிக்கும். பொகைன்னு பேருதான். கண்ணுக்குத் தெரியாது. வாசமும் இருக்காது. எங்க போகுதுன்னு கேட்டா என்னத்தச் சொல்றது. போயிருமுங்க, அவ்வளவுதான்.

அப்பவும் அந்தத் தங்கத்துல கொஞ்சம் செம்பு, வெள்ளி ஒட்டிட்டு இருக்கும். அதக் கழட்டறதுக்குத் திராவகம். அதுதான் பொல்லாதது. பழுப்பாப் பொகை கெளம்பும், தொண்டையக் கவ்விப் புடிக்கும், கையில ஒரு சொட்டுப் பட்டாத் தோலு கருகிரும். கல்யாணமாகி வந்த புதுசுலயே சம்பூர்ணத்துக்கிட்டச் சொல்லிப்போட்டேன். சம்பூர்ணம், அவ பேரு. நீ திராவகத்துப் பக்கம் தலை வச்சுப் படுக்கப்படாதுன்னு. அந்த வேலைய மட்டும் வீட்டுக்குப் பொறவால, பொடக்காளியில, நான் ஒருத்தனாத்தான் செய்வேன். மூக்குல துணியக் கட்டிக்கிட்டு, காத்து எந்தப் பக்கம் அடிக்குதுன்னு பார்த்துட்டுத்தான் உக்காருவேன். அவ பக்கம் வாசங்கூடப் போயிரப்படாதுன்னு. இத்தன வருசத்துல ஒரு தடவ அவளத் தொட உட்டதில்லீங்க சார்.

அவளுக்கு நான் ரசத்தக் குடுத்தேன்.

அத மொதல்ல பார்த்தப்ப அவ சிரிச்ச சிரிப்பு இருக்குதே. உள்ளங்கையில ஊத்துனேன். இத்தனூண்டு இருந்துக்கிட்டு இந்தக் கனம் கனக்குதேங்கறா. ஒரு சொட்டக் கீழ உட்டா நூறு சொட்டா ஓடுது, வெரலால தள்ளுனா மறுபடி ஒண்ணாச் சேந்துக்குது. உசுரு இருக்குதுங்களான்னு கேட்டா. தோட்டத்துல மண்ணு வெட்டி வளந்த புள்ள, அவளுக்கு அது பெரிய அதிசயம். அன்னையில இருந்து ரசம் பெசையறது, பிழியறது, அடுப்புல வைக்கறது எல்லாம் அவ கையிதான். எங்கப்பனுக்குக் கூட அந்தப் பக்குவம் வராது. சூடு எச்சாப் போனா உருண்டை தெறிச்சுப் போயிரும். அவ பக்கத்துலயே மொகத்த வச்சுப் பார்த்துக்கிட்டே இருப்பா. காத்தடிச்சாத் தீ ஆடும், அதுனால கதவச் சாத்திக்குவோம், சன்னலையும் சாத்திக்குவோம். எங்க வீடு ஒரே ரூமுங்க. அதே அடுப்புல வேலை முடிஞ்சதும் உலை வைப்பா. அதே ரூமுல படுத்துக்குவோம். நல்லாத்தான் இருந்தோம்.

பொள்ளாச்சி வந்துருச்சாட்ட இருக்குது. டீ குடிக்கறீங்களா? ஏப்பா, ரெண்டு டீ, இங்க சன்னலுக்குக் குடு. சார், என் டம்ளரையும் நீங்களே கொஞ்சம் வாங்கிப் புடிச்சுக்கறீங்களா. பாதி ஆறுனாப் போதும், நான் வாங்கிக்குவேன். கை கொஞ்சம் ஆடுதுங்க. வெசனத்துல வந்தது. அவ போனதுல இருந்துதான்.

என்ன சொல்லிக்கிட்டு இருந்தேன். ஆமா. நல்லாத்தான் இருந்தோம். ரெண்டு தடவ வயித்துல நின்னு கலைஞ்சு போச்சு. அது யாருக்குத்தான் நடக்கலை. பரவால்ல, நீ இருந்தாப் போதும்னு சொல்லி உட்டுட்டேன். அதுக்கப்பறந்தான் அவ மாறிப்போனா.

எப்படி மாறுனான்னா, மொதல்ல மனுசங்களக் கண்டா ஒளிஞ்சுக்குவா. ஒறம்பரை, சொந்தக்காரங்க வந்தாக் கதவுக்குப் பொறவால போயி நின்னுக்குவா. அவ கூடப் பொறந்த அண்ணன் கிட்டுசாமி வந்தப்பவே வெளிய வரலீங்க. என்ன மாப்ள, இவ இப்படின்னு அவரு என்னக் கேக்கறாரு. வாசல்ல கோலம் போடுவா, கோடு புழு மாதிரி நெளியும். சோறு போட்டாப் பாதி கீழ கெடக்கும். சட்டைக்குக் கொக்கி மாட்ட முடியாம நின்னுக்கிட்டே இருப்பா. நான் போயி மாட்டி உடுவேன். மாட்டி உட்டா மொகத்தத் திருப்பிக்கிட்டு அழுவா. ஏன் புள்ள அழுகறேன்னா, தெரியலீங்க, தெரியலீங்கம்பா. வாயில காசப் போட்டு வச்ச மாதிரியே இருக்குதும்பா. சாப்பாடு எறங்காது. ஒரு நாள் சொம்பத் தூக்கி எம் மேல அடிச்சா. அடிச்சுட்டு அவளே ஓடி வந்து நெத்தியத் தொடச்சு உட்டா.

அதுல ஒண்ணு மட்டும் இன்னம் என்னத் தூங்க உடாதுங்க. அவ தாலி வெளுத்துப் போச்சு. மஞ்சளா இருந்த தங்கம், வெள்ளி மாதிரி வெளுத்துப் போச்சு. ரசம் பட்டா அப்படித்தான் ஆகும், எனக்குத் தெரியும். அவ ரசத்துக் கையோட அதத் தொட்டதே இல்லீங்க, ஆனாலும் வெளுத்துப் போச்சு. அவ பயந்துபோயி, கெட்ட சகுனமுங்களான்னு கேட்டா. ஒண்ணுமில்லன்னு சொல்லி, கயித்துல இருந்து எறக்கி, அடுப்புல வச்சுச் சூடு காட்டுனேன். அவ பக்கத்துலயே உக்காந்து பார்த்துக்கிட்டு இருந்தா. மறுபடி மஞ்சளாத் திரும்புச்சு. நான்தான் திரும்பக் கட்டி உட்டேன். ரெண்டாவது தடவ கல்யாணம் ஆச்சு பாருன்னு சொன்னேன். சிரிக்கலீங்க. அப்பத்தான் எனக்கு மனசுல பட்டுது, இவளுக்கு நம்மளப் புடிக்காமப் போச்சுன்னு.

கோயிலுக்குக் கூட்டிட்டுப் போனேன். திருநீறு போட்டேன், கயிறு கட்டுனேன். கேக்கலை. கடைசியில அவங்கண்ணன் வந்துதான் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனது. நானும் போனேன். சின்ன வயசு டாக்டரம்மா. ரத்தம், ஒண்ணுக்கு எல்லாம் எடுத்துப் பார்த்துட்டு, வீட்டுல என்ன வேலை செய்யறீங்கன்னு என்னக் கேட்டாங்க. சொன்னேன். அந்தப் பாதரசத்த யாரு காய்ச்சறதுன்னாங்க. இவதான்னேன். எங்க வச்சுன்னாங்க. சோறாக்கற அடுப்புல, கதவச் சாத்திக்கிட்டுன்னேன். அந்தம்மா பேனாவக் கீழ வச்சுட்டாங்க.

"அந்தப் புகை எங்க போகுதுன்னு நினைக்கறீங்க?"

"போயிருமுங்க."

"எங்கயும் போகலைங்க. அந்த ரூம்லயேதான் இருக்கு. சுவத்துல இருக்கு, துணியில இருக்கு, இவங்க ரத்தத்துல இருக்கு. இவங்க நரம்புல பூந்துடுச்சு. கை ஆடறது, அழறது, ஒளிஞ்சுக்கறது, கரு கலைஞ்சது, எல்லாத்துக்கும் காரணம் அதுவாத்தான் இருக்கணும். இனிமே இவங்க அந்த வீட்டுக்குப் போகக்கூடாது. நீங்களும் இன்னைக்கே ரத்தம் குடுத்துட்டுப் போங்க."

எனக்கென்ன சீக்கு, நான் எதுக்குக் குடுக்கறதுன்னு சொல்லிப்போட்டேன். நல்லா யோசிச்சுப் பாருங்க சார். வாசமில்லாத ஒண்ணு மனுசன என்ன பண்ணும்? திராவகத்தப் பாருங்க, கிட்டப் போனாலே போடான்னு அது வெரட்டும். அதச் சொன்னா நம்பலாம். ரசத்துல என்ன இருக்குது? எங்கப்பன் சாகற வரைக்கும் ரசத்துல கைய உட்டுக்கிட்டுத்தான் இருந்தாரு. அவருக்கு ஒண்ணும் ஆகலை. கடைசி வருசம் கொஞ்சம் புத்தி பெசகிப்போச்சு, ஆளு ஆடிக்கிட்டே இருந்தாரு, பெத்த மகன் என்னையே யாருடா நீன்னு கேட்டாரு. அது எங்க வம்சத்துல இருக்கறது. அவரு வயசு என்னன்னா, இப்ப எனக்கு இருக்கற வயசுதான் இருக்கும்.

நீங்களும் அந்த டாக்டரம்மா மாதிரியே பார்க்கறீங்களே. படிச்சவங்க எல்லாருக்கும் ஒரே பார்வை.

ஆஸ்பத்திரி வாசல்லயே கிட்டுசாமி மச்சான் சொல்லிப்போட்டாரு. மாப்ள, இவள நான் கூட்டிட்டுப் போறேன், நீங்களும் அந்த வேலைய உட்டுட்டு வந்துருங்க, தோப்பு இருக்குது, கொப்பரை காய வைக்கற களம் இருக்குது, ஆளு பத்தாமக் கெடக்கறேன்னாரு. பொண்டாட்டி வீட்டுல போயி உக்காந்துக்கிட்டு ஒரு மனுசன் சோறு திங்கறதுங்களா? நான் அசையலை. சம்பூர்ணம் வண்டியில ஏறிட்டா. ஏறிட்டு என்னப் பார்த்துக்கிட்டே இருந்தா. எறங்கி வருவான்னு நானும் பார்த்துக்கிட்டே இருந்தேன். வரலீங்க.

அதுல இருந்து அப்பப்பப் போயிட்டுத்தான் வந்தேன். மொதல்ல போனப்ப ஆஸ்பத்திரி மருந்து சாப்பிட்டுக்கிட்டு, மொகம் வீங்கிப்போயிப் படுத்துக் கெடந்தா. எனக்கு உள்ளுக்குள்ள ஒரு நெனப்புங்க. சொன்னாக் கேவலம். இங்க வந்தும் அப்படியேதான் இருக்கறா, அப்ப எம் மேல குத்தமில்லன்னு நெனச்சேன். அடுத்த தடவ போனப்ப எந்திரிச்சு உக்காந்திருந்தா. அதுக்கப்பறம் போனப்ப வாசல்ல கோலம். கம்பிக் கோலம் சார், ஒரு கோடு நெளியலை. அடுத்த வீட்டுக்காரி போட்டிருப்பான்னு நெனச்சுக் கேட்டேன். நான்தானுங்க போட்டேன்னா. நான் உக்காந்திருக்கறப்பவே ஊசியில நூல் கோத்தா. காப்பி ஊத்துனா, ஒரு சொட்டுக் கீழ சிந்தலை. அண்ணன் பொண்டாட்டி என்னமோ சொன்னா, அதுக்குச் சிரிச்சா. அந்தச் சிரிப்பு சார். நான் ரசத்தக் கையில ஊத்துனப்பச் சிரிச்ச அதே சிரிப்பு.

நான் தின்னுக்கிட்டு இருந்தத வச்சுட்டு எந்திரிச்சுட்டேன். தோப்புக்குள்ள போயி நின்னுக்கிட்டேன்.

அன்னைக்கு எனக்கு வெளங்கிப் போச்சுங்க. எங்கிட்ட இருக்கற வரைக்கும் சீக்கு. எங்கிட்ட இருந்து போனதும் சீக்கு இல்லை. அதே பொம்பளை, அதே கை, அதே காலு. என்ன மாறுச்சு? நான் பக்கத்துல இல்லை. அவ்வளவுதான் மாறுனது. அவளுக்கு ஒத்துக்காம இருந்தது நாந்தானுங்க. எங்கூடப் படுத்து எந்திரிச்சதுதான் அவளுக்கு ஆகலை. வாயத் தொறந்து சொல்ல மாட்டாம, உள்ளயே வச்சு வச்சு, அது கையில ஆட்டமா வந்துருக்குது. ரசத்து மேல பழியப் போட்டு அவளையும் என்னையும் காப்பாத்திப்போட்டாங்க அந்த டாக்டரம்மா. நல்ல மனசு. ஆனா எனக்குத் தெரியாதுங்களா.

சொல்லுங்க சார், கேக்கறேன். பொகைதான். சரி. நீங்க பாடத்துல படிச்சதச் சொல்றீங்க. நான் வாழ்ந்ததச் சொல்றேன்.

இன்னைக்குக் காத்தால போனேன். களத்துல ஒடைச்ச தேங்காய வெயிலுக்குத் திருப்பிப் போட்டுக்கிட்டு இருந்தா. என்னப் பார்த்ததும் முந்தானையில கையத் தொடச்சுக்கிட்டு ஓடி வந்தா. வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கிட்டே போனதுதான், அப்படியே சொல்லிப்போட்டேன்.

"சம்பூர்ணம், நீ இங்கயே இரு. எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. இனிமே நான் வந்து உன்னத் தொந்தரவு பண்ண மாட்டேன். நீ நல்லா இருந்தாப் போதும்."

எங் கையப் புடிச்சுக்கிட்டா. களத்துல ஆளுங்க எல்லாம் இருக்கறாங்க, அண்ணன் இருக்கறாரு, அப்படி எல்லாரு முன்னாலயும் கையப் புடிக்கறவ இல்லீங்க அவ. புடிச்சு விரிச்சு வச்சுப் பார்த்தா.

"ஏனுங், கை ஆடுதுங்களே. எப்ப இருந்து ஆடுது?"

"வெசனத்துல ஆடுது. உடு."

"எனக்கும் இப்படித்தானுங்க ஆரம்பிச்சுது. வாயக் காட்டுங்க. ஈறுல ரத்தம் வருதுங்களா? அங்க போகாதீங்க. நான் சொல்றதக் கேளுங்க. இங்கயே இருந்துருங்க. நீங்க வேற எதுவும் செய்ய வேண்டாம், எங் கண்ணு முன்னால இருந்தாப் போதும்."

பாவப்பட்டுச் சொல்றா. கட்டுன பாவத்துக்குச் சொல்லித்தானே ஆகோணும். தேடி வந்த மனுசன வெறுங்கையோட அனுப்பறதான்னு ஒரு பேச்சுக்குச் சொல்றா. அத நெசமுன்னு நம்பி நான் அங்க உக்காந்தேன்னு வைங்க, மறுபடி கோலம் நெளிஞ்சுரும். மறுபடி கதவுக்குப் பொறவால போயி நிப்பா. அத இன்னொரு தடவ பார்க்க எனக்குத் தெம்பில்லீங்க சார். கைய உருவிக்கிட்டேன். சாப்பிட்டுட்டாவது போங்கன்னாங்க எல்லாரும். நிக்கலை.

ரோடு வரைக்கும் பின்னாலயே வந்தா. செருப்புக் கூடப் போடலை. நல்ல வெயிலு, தாரு உருகிட்டு இருக்குது. போயிரு, காலு சுடும், போயிருன்னு நான் வெரட்டறேன். அழுதுக்கிட்டே வரா. பஸ்ஸு வந்து நின்னுது. ஏறிட்டேன். கண்டக்டர்கிட்ட என்னமோ சொல்றா, எறக்கி உடுங்க எறக்கி உடுங்கன்னு. அவன் என்னப் பார்த்தான். நான் ரைட்டு போகலாம்னு சொல்லிப்போட்டேன்.

ரெண்டு மூணு தடவ போன் அடிச்சுது. அவளாத்தான் இருக்கும். எடுக்கலீங்க. எடுத்தா மறுபடி ஆச வந்துரும்.

இல்லீங்க சார், டாக்டர் நம்பரெல்லாம் எழுதிக் குடுக்காதீங்க. வாங்கி வச்சுட்டுப் போகாம இருந்தா உங்கள ஏமாத்துன மாதிரி ஆகும். நீங்க இவ்வளவு நேரம் கேட்டதே பெருசு. வேற யாருகிட்டயும் நான் இதச் சொன்னதில்லை.

வீட்டுக்குப் போனா வேலை கெடக்குதுங்க. தீவாளிக்குப் பட்டறைங்க எல்லாம் ஓடிக்கிட்டு இருக்குது, தூசி மூட்டை வாசல் வரைக்கும் அடுக்கி வச்சிருக்கறேன். இப்ப ரசம், திராவகம் எல்லாம் நான் ஒருத்தன்தான். பொடக்காளியில இருக்கறப்பத்தான் ஒரு மாதிரி இருக்கும், தனியா. உள்ள வந்து அடுப்புக்கு முன்னால உக்காந்துட்டா அப்படி இல்லை. அவ உக்காந்த எடந்தானுங்க அது. கட்டில அங்கயே இழுத்துப் போட்டுக்கிட்டேன். கதவச் சாத்தி, சன்னலச் சாத்தி, உருண்டைய அடுப்புல வச்சுட்டு, அவ வைக்கற மாதிரியே கிட்ட மொகத்த வச்சுப் பார்த்துக்கிட்டு இருப்பேன். வேலை முடிஞ்சாலும் எந்திரிக்க மனசு வராது. அங்கதான் சார், அவ இன்னம் எங்கூடவே இருக்கற மாதிரி இருக்குது.